அக்கா என்று கூப்பிட்டவள்

எட்டாம் வகுப்பில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஆசிரியர்கள் மட்டுமே. மற்றவர்களுக்கு அவள் ‘காது’. அப்பா பஸ் கண்டக்டர், அம்மாவுக்குத் தையற்கடை, மூத்தவர்கள் மூன்று பேர். அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் ஓயாது. கடைக்குட்டிக்குப் பேச முறை வருவதற்குள் சோறு ஆறிவிடும். அதனால் கேட்கப் பழகிக்கொண்டாள், வேறு வழி?

பள்ளியில் ‘துணை மாணவர்’ திட்டம் தொடங்கியபோது ஆலோசகர் மிஸ் முதலில் தேர்ந்தெடுத்தது அவளைத்தான். மதிய இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே உள்ள பெஞ்சில் உட்கார வேண்டும். மனக்கஷ்டம் உள்ள சின்ன வகுப்புப் பிள்ளைகள் வந்து பேசுவார்கள். பிறகு மஞ்சள் சீட்டில் இரண்டு வரி எழுதிப் பூட்டிய பெட்டியில் போட வேண்டும். பேர் எழுதக் கூடாது.

“சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கும். என்னைத் தவிர ஒரு ஈ காக்கா படிக்காது,” என்றார் மிஸ். காது அதை அப்படியே நம்பினாள்.

பாதி வருஷத்தில் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த ஒருத்தி அந்தப் பெஞ்சுக்கு வந்தாள். இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. காதும் துருவிக் கேட்கவில்லை. மூன்றாவது வாரம்தான் சொன்னாள்.

“நான் பாத்ரூம்ல கதவச் சாத்திக்கிட்டுத்தான் சாப்பிடுறேன், அக்கா. கிளாஸ்ல யாரும் என்னைப் பக்கத்துல சேத்துக்க மாட்டேங்கிறாங்க.”

அக்கா! பிறந்ததிலிருந்து யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. காதுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு டிபன் பாக்ஸும் பெஞ்சில் ஒன்றாகத் திறந்தன.

சீட்டில் எழுதினாள்: ‘ஆறாம் வகுப்பு. புதிதாக வந்த பெண். பாத்ரூமில் சாப்பிட்டாள். இப்போது என்னோடு சாப்பிடுகிறாள்.’ பேர் எழுதவில்லை. அந்த வகுப்புக்கு அந்த வருஷம் புதிதாக வந்தவள் ஒருத்திதான் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

மிஸ்ஸுக்காவது உறைத்திருக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, திட்டத்தின் வெற்றி என்று அதே சீட்டை வரி விடாமல் வாசித்தார். ஆறாம் வகுப்புக் கூட்டம் மொத்தமும் திரும்பிச் சின்னவளைப் பார்த்தது. பக்கத்தில் இருந்த அவள் அம்மாவுக்கே விஷயம் அப்போதுதான் தெரியும். சின்னவள் காதை மட்டும் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் காதை மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழ் வேறு கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் காது மிஸ்ஸிடம் ஓடினாள். “நீங்க மட்டும்தான் படிப்பீங்கன்னு சொன்னீங்களே, மிஸ்.”

“நான் யார் பேரையும் சொல்லலையேம்மா. உனக்கு எவ்வளவு கை தட்டினாங்க, பாத்தியா?”

அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்!

மறுநாள் பெஞ்சுக்கு யாரும் வரவில்லை. காது பாத்ரூமுக்குப் போனாள். கடைசிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிபன் பாக்ஸ் மூடி திறக்கும் சத்தம்.

“நான் யார்கிட்டயும் சொல்லலடி. மிஸ் ஏமாத்திட்டாங்க. என்னையும்தான்.”

“உன்கிட்டதானே சொன்னேன். எதுக்கு எழுதுன?”

காது அங்கேயே நின்றாள். மணி அடித்தபோது கதவு திறந்தது. சின்னவள் டிபன் பாக்ஸை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தாள்.

“தள்ளு, காது,” என்றாள்.