சிவந்த காது

ஜோதி, தம்பி பாபு, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இப்படிப்பட்ட காதோடு பிறந்த வேறு பிள்ளைகள் படித்தாலும் நல்லதுதான்.

ஜோதி, உன் இடது காது ஏன் பாதியாக இருக்கிறது என்று கேட்டாயே. பிறந்தபோதே அது செக்கச்செவேல் என்று இருந்தது. தொட்டால் சுடும். உன்னைச் சுமந்தபோது அம்மா கிரகணத்தில் காதைச் சொறிந்ததால் வந்தது என்றார்கள். திருத்தணி மலையில் குத்தினால் கெட்ட சூடு இறங்கிவிடும் என்று, உன் நாலு வயதில் அந்தக் காதையே முதலில் குத்தச் சொன்னோம்.

நீ மாமா மடியில் இருந்தாய். ஆசாரி கம்பியைக் குத்தி எடுத்ததும் ரத்தம் பீறிட்டது. நெஞ்சு துடிக்கிற கணக்கில் விட்டு விட்டு அடித்தது. மாமா சட்டை, ஆசாரி முகம், பழத்தட்டு எல்லாம் சிவப்பு. யாரோ மஞ்சள்தூளை அப்பினார்கள். அதையும் தள்ளிக்கொண்டு வந்தது. மாமா ஆசாரியின் கழுத்தைப் பிடித்துத் தூணில் மோதினார்.

"வழக்கமா குத்துற எடந்தாங்க" என்று ஆசாரி அழுதார்.

நான் கட்டை விரலால் காதை நெரித்தேன். "நைனா, வலிக்குது, உடு" என்று என் கையைக் கடித்தாய்.

"பாவா, கைய எடுத்துடாத" என்று ஆட்டோவில் மாமா என்னைப் பார்த்துக் கத்திக்கினே வந்தார்.

ஊர் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு ஆம்புலன்சில் சென்னைக்கு அனுப்பினார்கள். கனகம்மாசத்திரம் தாண்டுவதற்குள் கட்டு நனைந்துவிட்டது. மறுபடி அழுத்தினேன். உன் உதடு வெளுத்துவிட்டது. விரலுக்கடியில் அந்தத் துடிப்பு மட்டும் முட்டிக்கொண்டே இருந்தது.

"பொறந்தப்பவே இருந்துச்சா?" என்றார் சென்னை டாக்டரம்மா.

"ஆங், இருந்துச்சுங்க."

"அப்போ இது கட்டி இல்ல. ரத்தக்குழாய்க் கட்டின்னா பெரும்பாலும் பொறந்து கொஞ்ச நாள்ல வரும், வளரும், தானா சுருங்கும். இது கருவுலயே குழாய் தப்பா அமைஞ்சது. புள்ளையோட சேர்ந்து வளரும்."

அதிலும் வகை உண்டு. தந்துகி (மயிர் போன்ற நுண்குழாய்), சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்), நிணநீர்க் குழாய் இவற்றில் வந்தால் ஓட்டம் மெதுவானது. உன்னுடையது வேகமானது. தமனி (இதயம் தள்ளும் ரத்தம் வரும் குழாய்) நடுவில் தந்துகி இல்லாமல் நேராகச் சிரையில் சேர்ந்திருந்தது. போர் மோட்டாரில் மெல்லிய ஓஸ் பைப்பை மாட்டின மாதிரி. சூடாகத் துடிக்கிற இடத்தைக் குத்தவே கூடாது.

தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, உள்ளே பசை வைத்து அடைத்தார்கள். பிறகு கீழ்க்காதை அறுத்தெடுத்தார்கள். நீ கண் விழித்து, "மாமா, ஒரு கம்மல் போதுமில்ல?" என்றாய். மாமா வெளியே போய்விட்டார்.

மறுபடி வரலாம் என்பதால்தான் வருஷா வருஷம் காட்டுகிறோம். காது குத்தப் பார்த்த நாள் நட்சத்திரம் எனக்கு இப்போது நினைவில் நிற்பதில்லை. அந்தத் துடிப்புதான் என் விரலில் நிற்கிறது.

வீடு திரும்பியதும் தனியாகக் கொல்லிக்கு, நம் நிலத்துக்குப் போனேன். மோட்டாரைப் போட்டு, ஓஸ் பைப்பின் வாயைக் கட்டை விரலால் அடைத்தேன். முட்டியது. மோட்டாரை நிறுத்தினேன். தண்ணீர் அடங்கிய பிறகும் வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.