பழைய பிரிட்ஜின் வாயு

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், திருத்தணியில் எங்கள் பழைய பிரிட்ஜை உடைத்து எடுத்துப்போக ஒரு மெக்கானிக் வந்தார். நரைத்த தாடி, தழும்பேறிய விரல்கள். எந்தக் குழாயை வெட்டினாலும் காதை அருகில் வைத்து, வாயு சீறுவதைக் கேட்பாராம். அன்றும் கேட்டார். பிரிட்ஜின் பின்புறத் தகட்டிலிருந்த ஆண்டைப் படித்ததும் எனக்குப் புரிந்தது. ஓசோன் படலத்தை அரிக்கும் அந்தக் காலத்து வாயு.

"பாய், இது மேல போனா நூறு வருஷம் இருக்கும். வெயிலோட விஷத்தைத் தடுக்கிற படலத்தையே தின்னுடும். கண்ணு, தோலு, பயிரு எல்லாம் கெடும்."

"பயமுறுத்தாதீங்க சார்," என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் முகம் மாறியது.

"முப்பது வருசமா தொறந்து உட்டுகினு கீறேன் சார். திரும்பப் புடிக்க முடியாதுங்களா?"

சீறல் நின்று வெகுநேரம் ஆகியும், வெட்டிய குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.