இரண்டு மூப்பர்கள் நடுவில் ஒரு வெல்டர்

அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் பைண்டிங் அக்கா. முதலாளி அவளைவிடப் பத்து வயது பெரியவர், அவருக்கும் அக்காதான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து பசை வாளிக்கும் வெட்டு மெஷினுக்கும் நடுவே மடிப்பதும் தைப்பதும் ஒட்டுவதுமாகக் காலம் ஓடியது. விரல் ரேகையெல்லாம் தாளில் தேய்ந்துபோயிற்று என்பாள். வாய் மட்டும் தேயவே இல்லை.

அவள் போகும் கிறிஸ்தவ சபை சின்னது. சினிமா கூடாது, நகை கூடாது, உரக்கச் சிரித்தால்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். சண்டைக்கு மட்டும் பஞ்சமில்லை. சபையை நடத்தும் மூப்பர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எதற்கெடுத்தாலும் "வேதத்தோட மூல பாஷையில என்ன சொல்லியிருக்குன்னா" என்று ஆரம்பிப்பதால் அவர் பெயர் மூலபாஷை. மற்றவர் இரும்புக்கடைக்காரர். யார் எதைச் சொன்னாலும் "கனி எங்கே? கனியைக் காட்டுங்க" என்பார், நடத்தையில் தெரியும் பலன்தான் அவருக்குக் கனி, ஆகவே கனி ஐயா. மனந்திரும்புதல் என்றால் மனம் மாறுவது, அவ்வளவுதான், மற்றதெல்லாம் பின்னால் வரும் என்பது மூலபாஷையின் கட்சி. பாவத்தை அடியோடு விட்டுக் காட்டினால்தான் மனந்திரும்புதல், இல்லாவிட்டால் நாடகம் என்பது கனி ஐயாவின் கட்சி. மாற்றி மாற்றித் துண்டுப் பிரசுரம் போடுவார்கள். இரண்டும் மடிக்க வருவது பைண்டிங் அக்காவின் மேஜைக்குத்தான். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடி அச்சக முதலாளி.

"இந்த வாரம் யாரு யாரைத் திட்டியிருக்காங்க அக்கா?" என்று மெஷின்காரர் கேட்பார்.

"ரெண்டு பேரும் கிறிஸ்துவின் அன்போட திட்டியிருக்காங்க."

இந்தச் சிரிப்பெல்லாம் தம்பி விஷயம் வரும் வரைக்கும்தான்.

தம்பி வெல்டர், அவனும் அதே சபைதான். வேலையில் புலி, குடித்தால் மிருகம். ஒரு நாள் மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெண்டாட்டியை அடித்தான். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள், சபையும் அவனை விலக்கி வைத்தது. அக்கா தம்பிக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை கூடவே போனாள்.

"அண்ணி, இவர் சத்தியம் பண்ணி நான் ஏமாந்தது போதும்," என்றாள் தம்பி பெண்டாட்டி. "சபையில எல்லார் முன்னாலயும் ஒத்துக்கட்டும். மூப்பருங்க இவரை நம்பித் திரும்பச் சேர்த்துக்கிட்டா, அன்னைக்கே வந்துடறேன்."

காலி வீடு தம்பியை உலுக்கிவிட்டது. குடியை விட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஜெபத்துக்கு முன்னால், எழுந்து நின்றான். "குடிச்சேன். அவளை அடிச்சேன். பாப்பா பாத்துச்சு. எனக்கு என் மூஞ்சியையே பாக்கப் பிடிக்கல. என்னைச் சேர்த்துக்குங்க," என்று சொல்லிவிட்டு விம்மினான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பி வீட்டில் இனி விளக்கு எரியும் என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

கனி ஐயா எழுந்தார். "தம்பி, நீங்க ஏற்கெனவே ஞானஸ்நானம் எடுத்தவர்தானே? அன்னைக்கு மனந்திரும்பினது நெசம்னா இப்படி ஆடியிருப்பீங்களா? அது பொய்னா, இது மட்டும் நெசம்னு எப்படி நம்பறது?"

மூலபாஷை விடுவாரா? "இரட்சிக்கப்பட்டவன் இரட்சிக்கப்பட்டவன்தான் பிரதர். பரிசுத்தமாகறது படிப்படியா நடக்கற காரியம். மூல பாஷையில..."

"படிப்படியாத்தான் பொண்டாட்டியை அடிப்பாரோ?"

"வசனத்தை முன்பின் சேர்த்துப் படிங்க பிரதர்!"

தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வேதப் புத்தகங்களின் பக்கங்கள் புரண்டன. தம்பி நின்றுகொண்டே இருந்தான். கண்ணைத் துடைத்துக்கொள் என்று சொல்லக்கூட ஒரு நாதி இல்லை. கடைசியில் அவனே உட்கார்ந்துகொண்டான், அதையும் யாரும் கவனிக்கவில்லை.

அவனைச் சும்மா சேர்ப்பதா, மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்ப்பதா என்பது முடிவாகும் வரை அவனுக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது, கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும் என்றார்கள். உட்கார்ந்தான். வாரக்கணக்கில் ஓடியது. பட்டறை விட்டால் நேரே அக்கா வீடு. ஒரு சொட்டு தொடவில்லை. அக்கா மூலபாஷையின் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"ஐயா, சேர்த்துக்கிட்டோம்னு ஒரு வார்த்தை. அவ வந்துடுவா. ஒரு குடும்பம் பிழைச்சுக்கும்."

"உங்க தம்பி காரியம் சின்னதும்மா. இதுல அடிப்படைச் சத்தியமே அடங்கியிருக்கு," என்றார் அவர்.

சின்னதாம்! இரும்புக்கடைக்கும் போனாள். கனி ஐயா தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவசரப்பட்டா கனி பழுக்குமா?" என்றார்.

அடுத்த வாரம் மேஜைக்குக் கனி ஐயாவின் கட்டு ஒன்று வந்தது. தலைப்பு, "வெல்டரின் கண்ணீர்: மெய்யா, மாயமா?" பெயர் போடவில்லையாம், பெருந்தன்மை! சபையில் இருப்பதே ஒரு வெல்டர். அடித்தது, மகள் பார்த்தது, விம்மியது, ஒன்று விடவில்லை. அதன் அடியிலேயே மூலபாஷையின் மறுப்பு, அதே வெல்டர், அதே கண்ணீர். அக்கா கட்டைத் தள்ளினாள்.

"இந்த அசிங்கத்தை நான் தொட மாட்டேன்," என்றாள்.

"நீ தொடலேன்னா வேற ஆள் மடிப்பாங்க அக்கா," என்றார் முதலாளி.

மடித்தார்கள். வீடு வீடாகப் போனது. தம்பியின் மாமனார் வீட்டுக் கதவிடுக்கிலும் செருகினார்கள். பள்ளிக்கூடத்தில் பாப்பாவிடம், "உங்கப்பா அழுதாராமே" என்று கேட்டார்களாம். தம்பி பெண்டாட்டி போனில் அழுதாள். "நான் அடி வாங்கினதை ஊரே படிக்குது அண்ணி. இனிமே எந்த மூஞ்சியோட அந்தச் சபைக்கு வர்றது? நான் வரல."

அன்று சாயங்காலம் தம்பி அக்கா வீட்டுக்கு வரவில்லை. எங்கே போயிருப்பான் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சபைக் கூடத்துக்குள் நுழையும்போதே செய்தி அவளுக்கு முன்னால் வந்திருந்தது. கனி ஐயாவின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "சொன்னேனா இல்லையா? ஆள் திரும்பக் குடிச்சுட்டாரு. அது மனந்திரும்புதலே இல்லை!"

மூலபாஷைக்கும் சந்தோஷம் தாளவில்லை. "நான் சொன்னதுதான் ருசுவாச்சு. இரட்சிக்கப்பட்டவனும் தவறுவான். பரிசுத்தமாகறது படிப்படியாத்தான்!"

சீ, என்ன ஜென்மங்கள்! கிணற்றில் விழுந்தவனை எட்டிப் பார்த்து ஆழத்துக்குப் பந்தயம் கட்டுகிறார்கள். ஒருவருக்காவது அவன் இப்போது எங்கே கிடக்கிறான் என்று கேட்கத் தோன்றவில்லை. அக்கா எழுந்தாள்.

"காறித் துப்பணும்போல இருக்கு. ஜெப வீடாச்சேன்னு வெளியில போய்த் துப்பறேன்."

சொன்னபடியே வாசலுக்குப் போய்த் துப்பினாள். திரும்பி உள்ளே போகவில்லை.

தம்பி பட்டறைப் படியில், பூட்டிய ஷட்டரில் சாய்ந்து கிடந்தான். சட்டையெல்லாம் வாந்தி. அக்கா அவன் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். அவன் கண்ணைத் திறந்து அவளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று.

"யாருக்கா ஜெயிச்சாங்க?" என்றான்.

"ரெண்டு பேருமே ஜெயிச்சுட்டாங்கடா," என்றாள் அக்கா. "எழுந்திரு."