கல்லறைத் தோட்டத்துப் புல்லும் ஒரு மலிவு மெஷினும்

புல் வெட்டும் மெஷினை எந்தக் கடை வாசலில் பார்த்தாலும் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஏலப்பாறைக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் அம்மா கொழுந்து எடுத்தாள். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் மாதா கோவில் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யும் வேலையை அப்பா பிடித்திருந்தார். அரிவாளால் வெட்டினால் ஒரு வாரம் இழுக்கும். தோளில் மாட்டி வெட்டும் பெட்ரோல் மெஷின் இருந்தால் இரண்டே நாளில் முடியும், அப்புறம் பங்களாக்காரர்களும் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று அப்பா நினைத்தார். கம்பம்மெட்டில் ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாரோ சொல்ல, மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

அம்மாவுக்கு அந்த மெஷினைப் பற்றித் தெரியும். துரை பங்களாவில் தோட்டக்காரர் மெஷின் ஓட்ட, வெட்டிய புல்லைப் பின்னாலேயே வாரிப் போடும் வேலையை இரண்டு வருஷம் பார்த்தவள். கடையில் குனிந்து பார்த்துவிட்டு, கல் தெறிக்காமல் பிளேடுக்குப் பின்னால் இருக்கவேண்டிய தகடு எங்கே என்று கேட்டாள். அது இருந்தால் புல்லுதான் சிக்கும் என்றார் கடைக்காரர். கெட்டுப்போனால் மாற்றுச் சாமான் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். எல்லா ஊரிலும் என்றார். எந்த ஊரில் என்றதும் துணியை எடுத்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். பெட்ரோல் ஊற்றி ஓட்டிக் காட்டச் சொன்னாள். அதெல்லாம் நல்லா ஓடும் என்றார்.

“ஓடுறது இருக்கட்டும். ஓடுறப்ப சுவிட்சை அமுக்குனா நிக்குதான்னு காட்டுங்க.”

கடைக்காரர் அவளைப் பார்க்கவே இல்லை. அப்பாவிடம் சொன்னார்: “மிக்ஸி வாங்குறப்ப அக்காவைக் கூட்டிட்டு வாங்கண்ணே.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவை வெளியே போய் நிற்கச் சொன்னார். எனக்கு மானமே போனது. அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்பா மேலும் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் வாயைக் கொடுத்த அம்மா மேல்தான் வந்தது. மெஷினோடு திரும்பிய பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காராமல் அப்பாவோடு போய் உட்கார்ந்தேன்.

வேலையின் இரண்டாம் நாள் காலையில் அது நடந்தது. சுவரோரமாக நின்று புல்லை வாரு என்று சொன்னது அப்பாதான். அங்கேதான் அம்மா நின்றாள். பிளேடு ஒரு கல்லைத் தட்டியது. கல் பறந்து போய் அவள் முழங்காலுக்குக் கீழே அடித்தது. எலும்பு தெரிந்தது. அப்பா சுவிட்சை அமுக்கினார். மெஷின் நிற்கவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினார். அதைக் கீழே போடவும் முடியாமல், அம்மாவிடம் போகவும் முடியாமல், நின்ற இடத்திலேயே சுற்றினார். கடைசியில் எஞ்சினின் பிளக் வயரைப் பிடுங்கித்தான் நிறுத்தினார்.

பங்குச் சாமியார் ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

“குறுக்க வந்துட்டா சாமி. சொன்னா கேக்கவே மாட்டா” என்றார் அப்பா.

பயத்தில் சொன்ன பொய் என்று அதை மன்னித்துவிடலாம். நான் மன்னிக்கவில்லை. ஆனால் சாமியார் அடுத்து என்னைப் பார்த்தார். நானும் சொன்னேன்.

“ஆமா சாமி. அம்மாதான் குறுக்க போச்சு.”

கடைக்காரர் மெஷினைத் திரும்ப வாங்க மறுத்ததும், அந்தக் காலோடு சரிவில் ஏற முடியாமல் அம்மா கொழுந்து எடுக்கும் வேலையை விட்டதும் பிறகு நடந்தவை. அவற்றுக்காக நான் கோபப்படுகிற ஆட்கள் நிறைய. அவர்களில் நானும் ஒருத்தி.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற ஜீப்பில் அம்மாவின் காலைத் துணியால் அமுக்கிப் பிடித்திருந்தேன். அவள் என் கையை மெல்ல விலக்கிவிட்டுத் துணியைத் தானே பிடித்துக்கொண்டாள். வழி முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. கால் வலி தாங்காமல்தான் அப்படி இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.