சொத்தை நெத்து

திருமயம் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். வறண்ட நிலத்தில் வாழும், அதிகம் பேர் அறியாத, விதைக்குள் வளர்ந்து ஓட்டை போட்டு வெளிவரும் விதைவண்டுப் பேரினம் ஒன்றைத் தேடி வந்திருக்கிறேன். கருவேல மரத்தடியில் ஆடு மேய்க்கும் அக்காவிடம், உதிர்ந்து கிடக்கும் காய்ந்த காயான நெத்தில் கொஞ்சம் கேட்கிறேன். அவர் ஓட்டை விழுந்ததையெல்லாம் ஆடுகளிடம் வீசிவிட்டு, நல்லதாகப் பொறுக்கி என் பையில் போடுகிறார்.

"ஐயோ, எனக்குச் சொத்தைதான்க்கா வேணும்!"

"நல்லாருக்கே! ஊருக்கு வந்த ஆளுக்குச் சொத்தையக் குடுத்துட்டு, மூஞ்சிய எங்கிட்டுக் கொண்டுபோயி வச்சுக்குவேன்?"

ஆடுகள் மென்று முடித்துவிட்டன. வாடிப்போய்ப் பையைப் பார்க்கிறேன். நல்ல நெத்து ஒன்றில் மூடி திறந்தாற்போல் துளை விழுகிறது. பழுப்பு வண்டு ஒன்று தலை நீட்டுகிறது. நான் துள்ளிக் குதிக்கிறேன்.

அக்காவின் முகம் சுருங்கிவிடுகிறது.

"கண்ணுல படாமப் போச்சே. அதத் தூக்கிப் போடுங்க தம்பி, நல்லதாப் பாத்து வேற தாரேன்."