பதினொன்றரை மணிக் கடல்

என் மனைவி பவளப்பாறைகளை ஆராய்பவள் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் என்னைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருப்பவன், எட்டாவதைத் தாண்டாதவன். அடுத்த கேள்வி தவறாமல் வரும்: "பம்பாய்ல ஏது பவளம்?"

இருந்தது. ஊரின் மேற்கே, உயர்ந்த கட்டடங்களின் காலடியில், கறுப்புப் பாறைகளின் மேல் கைப்பிடி அளவுப் பழுப்பு மொத்தைகளாக ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் தடவை காட்டியபோது, "இதுக்காடி விடியுமுன்ன என்னைய எழுப்புன?" என்றேன். குனிந்து பார்க்கச் சொன்னாள். தேனடை மாதிரி சின்னச் சின்னக் கண்கள். ஒவ்வொரு கண்ணிலும் ஓர் உயிர்.

"சாக்கடை, டீசல், பிளாஸ்டிக் எல்லாத்தையும் தாங்கிட்டுக் கெடக்குங்க. உங்க தாராவி ஆளுங்க மாதிரி," என்றாள். புகழ்ந்தாளா, குத்தினாளா, இன்றுவரை தெரியாது.

அந்தப் பாறைகள் நினைத்த நேரத்தில் கண்ணில் படாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடியலிலும் அந்தியிலும் கடல் வெகுதூரம் உள்வாங்கும். அவளுடைய வேலை அப்போதுதான். அதே நாட்களில் நடுப்பகலில் கடல் மற்ற நாட்களைவிட உயரமாக ஏறி நிற்கும். அதனால் எங்கள் செம்பூர் வீட்டில் அமாவாசை என்றால் இருட்டிலேயே டீ கொதிக்கும். பாறைச் சிப்பி கிழிக்காமலிருக்க, பட்டறைத் துண்டுத் தோலில் அவளுக்கு முழங்கால் உறை தைத்துக் கொடுத்திருந்தேன். என் அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சர்ச்சுல முழங்கால் போடச் சொன்னா வலிக்குங்கா. கடல்ல மட்டும் மணிக்கணக்கா போடுதா. அங்க எந்தச் சாமி இருக்குலே?"

அந்த இடத்தில் உல்லாசப் படகுகளுக்குத் துறை கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. பவளம் இருப்பதை அதிகாரிகள் நேரில் பார்த்து எழுதிவிட்டால் துறை கொஞ்சம் தள்ளிப் போகும்; இல்லையென்றால் பாறை மேலேயே கல் விழும். அவள் அமாவாசை விடியலில் வரச் சொல்லிக் கேட்டாள். சம்மதம் வந்தது. அமாவாசை அன்றே, ஆனால் பகல் பதினொன்றரை மணிக்கு.

அவள் போன் போட்டாள். வரவிருந்த அதிகாரி தமிழர். கேட்டதும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"நீங்க நம்மாளு, அதனால சொல்றேன்மா. நான் மாட்டுங்கால பொறந்தவன், இப்ப ஊருக்கு வெளிய, அம்மாந் தூரத்துல கல்யாண்ல கெடக்கேன். விடியக்காலம் வரணும்னா ராத்திரியே கெளம்பணும். டீம்ல யாரு வருவா?"

"சார், அந்த நேரத்துல தண்ணி மேல ஏறிடும்."

"நீங்க கேட்ட தேதியத்தானேம்மா குடுத்திருக்கு!"

சொன்னபடி வந்தார்கள். கடல் தடுப்புச் சுவரில் மோதி எங்கள் சட்டையை நனைத்தது. அவள் தண்ணீரைக் காட்டி, "இதுக்குக் கீழ சார்," என்றாள். கையிலிருந்த படங்களை நீட்டினாள்.

"போட்டோ எந்த ஊர்லயும் எடுக்கலாம்மா. நான் பார்த்ததத்தான் எழுத முடியும். தண்ணிதான் இருக்கு."

"சாயங்காலம் வரைக்கும் இருங்க சார். தானா எறங்கிடும்."

"சாயங்காலமா? அப்பறம் லோக்கல் ரயில்ல காலு வைக்க எடம் கெடைக்குமா? சலோ, சலோ." கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எங்களையும் நிறுத்தி, பின்னால் கடல் தெரிய ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

நாங்கள் போகவில்லை. பொழுது சாயச்சாயத் தண்ணீர் அவள் சொன்னது போலவே இறங்கியது. பாறை முதுகு காட்டியது. அவள் கிடுகிடுவென நடந்துபோய், குனிந்து, அவருக்கு வீடியோ கால் போட்டாள். ரயில் நெரிசலில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்தது. அவள் போனைப் பவளத்தின் மேல் மெதுவாக நகர்த்தினாள்.

"அட, ஆமா," என்றார். "நல்லாத் தெரியுதே. ரொம்ப அழகா இருக்கும்மா." கூட்டம் இடித்ததில் முகம் மறைந்து திரும்ப வந்தது. "ஆனா ரிப்போர்ட்ட மத்தியானமே அனுப்பிட்டேனே."

அவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். பார்த்தார், அழகு என்றார், வீட்டுக்குப் போனார்.

அடுத்த பௌர்ணமிக்கு விடியுமுன் வழக்கம்போல் போனோம். எங்களுக்கு முன்பே லாரிகள் வரிசையாக நின்றன. விளக்கு போட்டு, உள்வாங்கிய கடலுக்குள் பாதை அமைத்து, கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி ஹிந்தியில் கத்தினான். தண்ணீர் திரும்புவதற்குள் முடிக்கணுமாம்.

அவள் கரையிலேயே நின்றுவிட்டாள். லாரி வரிசையைக் கையால் காட்டினாள்.

"பாத்தீங்களா? இவனுங்களுக்கு நேரம் தெரிஞ்சிருக்கு."