எழுந்து நிற்கும் பூநாரை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏஞ்சலின் கை படாத டேங்க் அபூர்வம். அமிலம், எண்ணெய், தண்ணீர் என்று எந்த டேங்காக இருந்தாலும் அதில் ‘அபாயம்’ என்று சிவப்பில் எழுதுவது அவள்தான். அம்மா நாற்று நட்ட கையோடு கம்பெனியில் பெருக்கப் போனாள்; மகள் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டாள். எழுத்து என்னவோ அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கும். ஆனால் ஊரே அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் போட்டுவிட வேண்டும் என்ற வெறி அவளை விடவே இல்லை.

சந்தைக் கழிவில் கேஸ் எடுக்கும் நிலையம் மெயின் ரோட்டோரம் வந்தது. அதன் பொறியாளர் நந்தினி, “அக்கா, இந்த டேங்க்ல எதனா படம் போடுங்களேன்” என்றதும் ஏஞ்சலினுக்குத் தலைகால் புரியவில்லை. பழவேற்காட்டுப் பூநாரையைப் போட்டாள். கீழே சிமென்ட் தொட்டி, அதற்குள் கவிழ்த்து வைத்த இரும்பு டிரம். வெளியே தெரிந்த டிரம்மில் ரோஜா நிற உடம்பு, தொட்டிச் சுவரில் கால்கள். அடடா, என்ன அழகு!

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில் போய்ப் பார்த்தால், இரவெல்லாம் கேஸ் சேர்ந்து டிரம் மேலே எழும்பி நிற்கிறது. உடம்பு உயரத்தில், கால்கள் தரையில், நடுவே வெறும் கறுப்பு இரும்பு! ஆயுசு முழுக்க அசையாத டேங்குக்கே பெயின்ட் அடித்தவள், டேங்க் ஏறி இறங்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

“இன்னாம்மா இது, பறவைய ரெண்டா வெட்டி வெச்சிகினு கீற? சாயங்காலத்துக்குள்ள வெள்ள அடிச்சி வுடு” என்றார் காண்டிராக்டர் ஜெரால்டு.

ஏஞ்சலினுக்கு அழுகை முட்டியது. கூடவே கோபமும். பறவையைத் திரும்பப் பார்த்தாள். சட்டென்று சிரித்துவிட்டாள்.

“அண்ணே, கொக்கு நாரைக்கு காலு நீட்டா இருந்தா இன்னா தப்பு? சாயங்காலம் வரிக்கும் டைம் குடு. நந்தினி, டிரம்ம எறங்க வுடாத!”

நந்தினி கேஸ் வெளியே போகும் வால்வை மூடினாள். ஏஞ்சலின் கயிற்றில் தொங்கிக்கொண்டு, சீக்கிரம் காயும் பெயின்டில் அந்தக் கறுப்பு இரும்பின் மேல் கால்களை இழுத்தாள். சோறு தண்ணி மறந்து போயிற்று. வந்து பார்த்த ஜெரால்டு, வெள்ளை பெயின்ட் டப்பாவைத் திறக்காமலே நின்றார்.

மறுநாள் விழா. பக்கத்து கேன்டீனில் அந்த கேஸில்தான் கூட்டத்துக்கே பிரியாணி. அடுப்பு எரிய எரிய டிரம் மெல்ல உள்ளே இறங்கியது. பூநாரையின் கால்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன.

“ஏய், பறவ குந்துதுடா!” என்று கூட்டத்தில் யாரோ கத்த, ஒரே விசில். ஏஞ்சலின் தன்னை மறந்து குதித்தாள். கேன்டீன் மாஸ்டர் வரதனுக்கு அன்றோடு கேஸ் எவ்வளவு இருக்கிறதென்று மீட்டர் பார்க்கும் வேலை விட்டது; பறவை நிமிர்ந்து நின்றால்தான் பெரிய அண்டாவை ஏற்றுவார்.

ஒரு வாரம் போயிருக்கும். ஷேர் ஆட்டோவில் ஏஞ்சலின் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாள்.

“பறவ ஸ்டாப்பு எறங்குறவங்கல்லாம் எறங்கு!” என்று ஓட்டுநர் குரல் கொடுத்தார்.

அவள் இறங்க வேண்டியது இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி. ஆனாலும் இறங்கிவிட்டாள்.

“நான் வரைஞ்சது!” என்றாள், ஆட்டோ முழுவதற்கும் கேட்கும்படி.